எல்லாமே தாமதம்தானா? ஸ்லோ முதல் லெஷர்லி வரை ஒரு சொல் விளக்கம்

ஸ்லோ, ஸ்லகிஷ், டார்டி, டிலட்டரி, லெதர்ஜிக், லெஷர்லி ஆகிய ஆங்கிலச் சொற்களை அகராதியில் தேடினால், ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் நேராக 'மெதுவான', 'தாமதமான', 'மந்தமான' என்னும் மூன்று சொற்களே வரிசை மாறி நிற்கக் காணலாம். மொழிபெயர்ப்பவரும் அவற்றுள் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். ஆனால் எல்லா நிலையத்திலும் நிற்கும் பயணிகள் ரயில் மெதுவானது. அட்டவணைப்படி வந்து சேர்ந்தால் அதில் தாமதம் எதுவும் இல்லை. விரைவு ரயிலோ, பாய்ந்து ஓடியும் தாமதமாக வரலாம். ஆகவே குறை நடையில் இருக்கிறதா, நடப்பவரின் உடலிலும் ஊக்கத்திலும் இருக்கிறதா, குறித்த நேரத்தோடு ஒப்பிடும்போது மட்டும் தெரிகிறதா, அல்லது வேண்டுமென்றே உண்டாக்கப்படுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. அப்படிக் கேட்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதியைச் சொற்களின் பிறப்பைக் கொண்டு தீர்த்துக்கொள்ளலாம்.

ஸ்லோ என்பது பழைய ஆங்கிலச் சொல். இன்று அது வேகக்குறைவைப் பொதுவாகச் சொல்லும், பழியோ புகழோ ஏறாத சொல்லாக இருப்பினும், தொடக்கத்தில் அறிவுக்கூர்மை இல்லாதவரையும் சோம்பியிருப்பவரையுமே குறித்தது. நேரமும் வேகமும் பற்றிய பொருள் பின்னர் வந்தது. சோம்பலைக் குறிக்கும் ஸ்லாத் என்னும் பெயர்ச்சொல் இதிலிருந்து பிறந்ததே. இதைவிட வியப்பானது லேட் என்னும் சொல்லின் கதை. பழைய ஆங்கிலத்தில் மெதுவான, சோம்பலான என்ற பொருளை உடையதாய் இருந்தது அதுதான். மெதுவாக வருபவர் பிந்தித்தானே வருவார் என்ற வழியில் அது காலத்தைக் குறிக்கப் போய்விட்டது.

ஸ்லோ என்பதற்கு 'மெதுவான' என்று எழுதுவதில் பெரும்பாலும் பிழையில்லை. எனினும் நம் சொல்லின் வேர் வேகத்தில் இல்லை, மென்மையில் இருக்கிறது. மெல்ல, மெள்ள, மெதுவாக எல்லாம் மென்மையின் வழி வந்தவை; மெதுவடை என்பது மெதுவாகத் தின்ன வேண்டிய வடையன்று. இதனால் 'மெதுவாகப் பேசுங்கள்' என்று மொழிபெயர்த்தால், கேட்பவர் வேகத்தைக் குறைக்காமல் குரலைத் தாழ்த்திக்கொள்ளக்கூடும். பேச்சின் வேகம் பற்றிய இடத்தில் 'நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள்' என்பதே ஐயத்துக்கு இடந்தராத தொடர். தென்மாவட்டங்களில் வழங்கும் 'பைய' என்னும் சொல்லிலும் இதே மென்மை உண்டு. குறளில் தலைவி 'பைய நகும்' என்னுமிடத்தில், அவள் மெல்லச் சிரிப்பதாகக் கொள்கிறோமே தவிர, சிரிக்க நேரமெடுத்துக்கொண்டதாகக் கொள்வதில்லை.

ஸ்லகிஷ் என்னும் சொல்லைக் கண்டதும் ஸ்லக் என்னும் ஓடில்லா நத்தையிலிருந்து அது வந்திருக்கும் என்று தோன்றும். உண்மை தலைகீழானது. இடைக்கால ஆங்கிலத்தில் ஸ்லக் என்றால் சோம்பேறி மனிதன். அவனைக் குறித்த பெயர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தச் சிற்றுயிருக்குச் சூட்டப்பட்டது. ஆகவே ஸ்லகிஷ் என்பதில் வேகக்குறைவைவிட உள்ளிருந்து உந்தும் விசையின் குறைவே முதன்மையானது. ஓட வேண்டிய ஆறு தேங்கித் தேங்கி ஓடுவதும், நடக்க வேண்டிய வியாபாரம் படுத்துக் கிடப்பதும், ஈரல் சரிவர இயங்காமல் இருப்பதும் ஸ்லகிஷ். ஆமையின் நடையை அவ்வாறு சொல்வது பொருந்தாது. ஆமைக்கு அதுவே இயல்பு.

இதற்குத் தமிழில் 'மந்தம்' மிக நன்றாகப் பொருந்துகிறது. வடமொழியிலிருந்து வந்த இச்சொல் வயிற்று மந்தம், மந்த புத்தி, மந்தமான வானிலை என்று நம் பேச்சில் ஊறிவிட்டது. சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் எடுக்கும் சனிக்கோளுக்கு 'மந்தன்' என்ற பெயர் உண்டு; சனைச்சரன் என்னும் வடமொழிப் பெயரும் மெல்லச் செல்பவன் என்றே பொருள்படும். (சனைச்சரன் சனீஸ்வரன் ஆகி, ஈஸ்வரப் பட்டம் பெற்றதாக நாம் எண்ணிக்கொண்டது வேறு கதை.) மந்தத்தை அளவின்றிப் பயன்படுத்துவது பொருளாதாரச் செய்திகளில்தான் தொல்லை தருகிறது. வளர்ச்சி விகிதம் குறைவது ஒன்று, உற்பத்தியே சுருங்குவது வேறொன்று. இரண்டையும் 'மந்தநிலை' என்று எழுதினால் படிப்பவருக்கு எது நடந்தது என்று தெரியாது. முன்னதை 'வளர்ச்சித் தளர்வு' என்று எழுதி, பின்னதற்கு மட்டும் மந்தநிலையை ஒதுக்கிவைப்பது தக்கது.

டார்டி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மெதுவான என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த அது, இன்று குறித்த நேரத்துக்குப் பிந்தியதையே குறிக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் மணியடித்த பின் வரும் மாணவர் டார்டி. 'தாமதமான' என்பது இங்கே சரி. தாமதம் என்னும் சொல்லே சாத்துவிகம், இராசதம், தாமதம் என்னும் முக்குணங்களுள் இருள் சார்ந்த குணத்தின் பெயராக இருந்து, சோம்பலைச் சுட்டி, காலம் கடப்பதைச் சுட்டுவதாக இறங்கி வந்ததுதான். பிந்துதல், சுணங்குதல் என்னும் சொற்களை இலங்கைத் தமிழர் இன்றும் இயல்பாக வழங்குகின்றனர். எழுத்துத் தமிழும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

மிகுதியும் தவறாகப் பெயர்க்கப்படுவது டிலட்டரி. விரிவடைதலைக் குறிக்கும் டைலேட் என்பதோடு இதற்கு உறவில்லை. தள்ளிப்போடுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது இது; டிஃபர் என்னும் சொல்லும் அதே வினையின் பிள்ளைதான். ஆகவே டிலட்டரியில் செய்பவரின் மனம் ஒளிந்திருக்கிறது: அவரால் விரைந்து செய்ய முடியும், செய்யாமல் தள்ளுகிறார். நீதிமன்றச் செய்திகளில் 'டிலட்டரி டாக்டிக்ஸ்' என்று வருவதைத் 'தாமத உத்திகள்' என்று எழுதுவதைவிட, 'இழுத்தடிக்கும் உத்திகள்' என்று எழுதினால் நீதிபதியின் கண்டனம் குறையாமல் வந்து சேரும். வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தடிக்கிறார்கள் என்று மக்கள் சொல்வதும் இதைத்தானே. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைப்பு வழங்கலாகாது என்று சொல்வது இந்தப் பழக்கத்தைக் கட்டுப்படுத்தவே. மாறாக, 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 5, தக்க காரணம் காட்டினால் மேல்முறையீட்டில் நேர்ந்த தாமதத்தை மன்னிக்க இடமளிக்கிறது. அங்கே 'தாமதம்' என்பதே சரியான சொல். இழுத்தடிப்பை மன்னிக்குமாறு யாரும் மனுப் போட முடியாது. பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது போன்ற காரணத்தால், வழக்கின் உட்பொருளுக்கு விடை கூறாமல் எழுப்பும் எதிர்வாதத்துக்கும் டிலட்டரி என்றே பெயர். அதில் குற்றச்சாட்டுத் தொனி இல்லாததால் 'காலம் நீட்டிக்கும் எதிர்வாதம்' என்று சொல்வது பொருத்தம்.

டிலட்டரிக்கு மிக நெருங்கிய பழந்தமிழ்ச் சொல் 'நெடுநீர்'. 'நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்' என்று மடியின்மை அதிகாரத்தில் வருகிறது. விரைந்து செய்ய வேண்டியதை நீட்டித்துச் செய்யும் இயல்பே நெடுநீர். சோம்பலாகிய மடியிலிருந்து அதைத் தனியே பிரித்து எண்ணியிருப்பதைக் கவனிக்க வேண்டும். இன்று அதைச் செய்தியில் எழுதினால் படிப்பவர் தண்ணீரைத் தேடுவார் என்பதால், 'காலம் கடத்தும்', 'இழுத்தடிக்கும்' என்பனவே நடைமுறைக்கு உதவும். அதே குறளில் உள்ள மறவி, லெதர்ஜியை விளக்கவும் துணை செய்கிறது. கிரேக்கத்தில் மறதியைக் குறிக்கும் லீத்தி என்னும் சொல்லும், வேலையின்மையைக் குறிக்கும் மற்றொரு சொல்லும் கூடிப் பிறந்தது லெதர்ஜி. நோயாலோ களைப்பாலோ விழிப்புக் குன்றிய நிலை அது. மருத்துவக் குறிப்பில் நோயாளி லெதர்ஜிக் என்று இருந்தால் 'சோம்பலாக இருக்கிறார்' என்று எழுதுவது அவர்மேல் பழி சுமத்துவதாகிவிடும். 'அசந்து கிடக்கிறார்', 'சோர்ந்த நிலையில் இருக்கிறார்' என்று எழுத வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் குறையே இல்லாத சொல் லெஷர்லி. 'அனுமதிக்கப்பட்டது' என்னும் பொருளுடைய லத்தீன் வினையே இதற்கும் லைசென்ஸ் என்பதற்கும் வேர். நேரம் இருக்கிறது, விரும்பியபடி எடுத்துக்கொள்ளலாம் என்பது உட்பொருள். அவகாசத்தோடு கூடியது என்னும் பொருளுடைய 'சாவகாசம்' இதற்கு அச்சாகப் பொருந்த வேண்டும். ஆனால் 'பத்து மணிக்குச் சாவகாசமாக வந்து சேர்ந்தார்' என்னும்போது அதில் ஏளனம் கலந்துவிடுகிறது. ஏளனம் வேண்டாத இடத்தில் 'ஆற அமர' என்று எழுதலாம். 'அவசரமில்லை, ஆறுதலாக வாங்கோ' என்று யாழ்ப்பாணத்தில் சொல்லும் ஆறுதலும் இதே பொருளதே. தமிழ்நாட்டு வாசகர் மட்டும் அதைத் துக்க வீட்டுத் தேற்றுதலாகப் படித்துவிடும் வாய்ப்பு உண்டு.