"கெணத்துல நீச்ச கத்துக்கிட்டவங்கண்ணா நாங்க!"

கோடை விடுமுறை என்றாலும் காணும் பொங்கல் என்றாலும் வேலூர்ப் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு வேன் கிளம்பிவிடும். ஒரு வாரம் ராணிப்பேட்டை தோல் கம்பெனி ஆட்கள், அடுத்த வாரம் மகளிர் குழு, அதற்கடுத்த வாரம் கல்லூரி கடைசி வருஷத்துப் பிள்ளைகள். போகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். நோணாங்குப்பத்தில் படகேறி, சுண்ணாம்பாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் பாரடைஸ் பீச். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வங்கக் கடல், நடுவில் மணல். கணக்காகப் பார்த்தால் அது மணல்திட்டு; ஊர்ப் பேச்சில் 'தீவு'. பேர் எதுவாக இருந்தாலும் ஒரே நாளில், தலைக்குக் கொஞ்சம் பணத்தில் போய்வரலாம். யாரையும் போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை.

எழுதவைத்தது வேறொன்று. சில வேன்கள் ஒரு சீட் காலியாகத் திரும்புகின்றன. அந்த வீட்டு வாசலில் நிற்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் சொல்வது ஒரே வாக்கியம்: "அவனுக்கு நல்லா நீச்சல் தெரியுமே!" நீச்சல் சொல்லிக்கொடுப்பதைத் தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இதைக் கேட்டால் துக்கத்தோடு கோபமும் வருகிறது.

அவனுக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல்.

வட ஆற்காட்டில் நீச்சல் என்றாலே கிணறுதான். இடுப்பில் கயிறு, முதுகில் சுரைக்குடுக்கை அல்லது காலி கேன், கொஞ்சம் வசதியிருந்தால் லாரி டியூப். பத்து நாளில் கயிறு அவிழும், இருபதாம் நாள் மேட்டிலிருந்து குதிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நல்ல பயிற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிணற்றின் அகலம் எவ்வளவு? முப்பது அடி, மிஞ்சினால் நாற்பது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பத்துப் பன்னிரண்டு கைவீச்சில் ஒரு படியோ கல்லோ கைக்குக் கிடைக்கும். பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டு அடுத்த பத்து வீச்சு. இருபது வருஷமாக நீந்துகிறேன் என்பவரும் நிஜத்தில் பத்து வீச்சு நீச்சலைத்தான் பல ஆயிரம் தடவை செய்திருக்கிறார். பிடிக்க எதுவுமே இல்லாத இடத்தில் மூன்று நிமிஷம் இருந்து பார்த்ததில்லை.

இரண்டாவது, கிணற்றுத் தண்ணீர் நகராது. நம் ஊர்ப் பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணல்தான். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்த பிள்ளைகளில் பலர், ஓடும் தண்ணீரின் பலத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். அதுவும் மேலே நின்று. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அது நகரும்போது முட்டியளவு இருந்தாலே பெரிய ஆளைச் சாய்க்கும்.

மூன்றாவது, கிணற்று நீச்சல்காரர்கள் தலையை மேலே தூக்கியே நீந்துவார்கள். தலை ஏறினால் கால் இறங்கும், பாதி பலம் வீணாகும். கிணற்றில் அது தெரியாது, அதற்குள் படி வந்துவிடும். கடலிலோ அலை நேராக முகத்தில் அறையும். ஒரு வாய் உப்புத் தண்ணீர், ஒரு இருமல், அதோடு மூச்சுக் கணக்கு போச்சு. இன்னொன்றும் உண்டு. கடல் நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனமானது, அதனால் மிதப்பது கொஞ்சம் சுலபம். "கெணத்தவிட இங்க ஈஸியா இருக்குடா" என்று முதல் ஐந்து நிமிஷத்தில் வருகிற தைரியம் அங்கிருந்து வருவதுதான். ஆறாவது நிமிஷம் திரும்பிப் பார்த்தால் கரையில் இருக்கும் செருப்பு தெரியாது.

பாதிப்பேர் மாட்டுவது இழுப்பில். அலையாகக் கரைக்கு வந்த தண்ணீர் எங்காவது ஒரு பள்ளம் பார்த்து ஒன்றுசேர்ந்து கடலுக்குத் திரும்பும். அதுதான் ரிப் கரன்ட். வேகமான இழுப்பு நொடிக்கு 2 மீட்டருக்கு மேலும் போகும். ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. இதில் பெரிய கொடுமை, அந்த இடம் பார்க்க அமைதியாக இருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்தோ கலங்கியோ, நுரை கடல் பக்கமாக நகர்ந்துகொண்டோ இருக்கும். குடும்பத்தோடு வருகிறவர்கள் "இங்க அலை இல்ல, குழந்தைய இங்க விடு" என்று தேர்ந்தெடுப்பது சரியாக அந்தப் பட்டையைத்தான்.

மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். திரும்பச் சொல்கிறேன், கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். இழுப்பு ஆளை வெளியே கொண்டுபோகும், உள்ளே அமுக்காது. மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்குங்கள். பலம் இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அலையோடு சாய்வாகக் கரைக்கு வாருங்கள். பக்கவாட்டில் போக முடியவில்லையா, மிதந்தபடியே இருங்கள், வெளியே போகப் போக இழுப்பு தளரும். சாகிறவர்கள் பெரும்பாலும் களைப்பில்தான் சாகிறார்கள். கிணற்று நீச்சல்காரருக்கு மல்லாந்து மிதக்கத் தெரியாது. அதைக் கிணற்றில் யாரும் சொல்லித்தருவதில்லை, தேவைப்பட்டதும் இல்லை.

டூருக்கு ஒரு வாரம் முன்னால் ஊர்க் கிணற்றிலேயே சோதித்துப் பாருங்கள். படியையும் சுவரையும் தொடாமல், பேச்சு கொடுத்துக்கொண்டே ஐந்து நிமிஷம் மிதக்க முடிகிறதா? முடியாதவர் கடலைப் பொறுத்தவரை நீச்சல் தெரியாதவர். முடிந்தவருக்கும் இடுப்பளவுதான் எல்லை.

பாரடைஸ் பீச்சில் கடலைவிட மோசமான இடம் ஒன்று உண்டு: முகத்துவாரம். ஆறும் கடலும் சேரும் அந்த முனைதான் புகைப்படத்துக்கு அழகு, அதனால் கூட்டம் அங்கேதான் நடந்துபோகும். கடல் மட்டம் இறங்கும் நேரத்தில் ஆற்றுக்குள் ஏறிய தண்ணீரெல்லாம் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் இழுப்பு இன்னும் கூடும். சுண்ணாம்பாறு சங்கராபரணி ஆற்றின் கிளை. செஞ்சி மலைப்பக்கம் பெய்கிற மழையும் வீடூர் அணையில் திறக்கிற தண்ணீரும் கடைசியில் இந்தப் பக்கம்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரியில் வெயில் அடிக்கிறது என்று கிளம்பாதீர்கள். செஞ்சியிலும் திண்டிவனத்திலும் மழை எப்படி என்று கேளுங்கள். "போன வருஷம் இங்கதான் குளிச்சோம், இடுப்பளவுதான் இருக்கும்" என்பதும் செல்லாது. ஒவ்வொரு பருவமழைக்கும் மணல்திட்டு இடம் மாறும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. அப்படி ஒரு புயலுக்குப் பிறகு பழைய நினைவை வைத்துக்கொண்டு காலை விட்டால் அடுத்த அடி கழுத்தளவு.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே எங்கோ தூரத்துக் கடலில் கிளம்பிய அலை வந்து ஏறுவதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களைக் கொண்டுபோனபோது எச்சரிக்கை ஏற்கெனவே அமலில் இருந்தது. படித்தவர்கள், இளைஞர்கள், கூட்டமாக வந்தவர்கள். நம் வேனில் இருப்பவர்களும் அப்படிப்பட்டவர்கள்தானே.

படகு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். டிக்கெட் கொடுக்கும் அரசுப் படகுக் குழாமில் வரிசை நீளமாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் "மொத்தமா பேசிக்கலாம், உடனே கொண்டுபோய் விடறேன்" என்பார். டூர் பொறுப்பாளர் அங்கேதான் சபலப்படுவார். பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று ஒரு நாள் உல்லாசத்துக்கு வந்த கூட்டத்தை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அந்தமானில் 2014 ஜனவரி 26 அன்று அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள், காஞ்சிபுரத்திலிருந்து போன சுற்றுலாக் குழு. அவர்கள் யாரும் நீந்தப் போகவில்லை, வெறும் பயணிகள்.

லைஃப் ஜாக்கெட் ஈரமாக இருக்கும், நாறும், போட்டோவில் நன்றாக இருக்காது. போடுங்கள். கொக்கி எல்லாவற்றையும் மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் குழந்தை கீழே வழுக்கும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அன்று ஒரு நாள் சேலை வேண்டாம், சுடிதார் போதும். நனைந்த சேலை காலைச் சுற்றினால் முட்டியளவுத் தண்ணீரிலும் எழுந்திருக்க முடியாது.

சரக்கு பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. புதுச்சேரிக்கு எதற்கு வேன் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். குடித்தவர் அன்று மணலில் உட்காரட்டும். "ரெண்டு பீர்தாண்ணா" என்பவருக்கும் அதே மணல்தான்.

கரையில் செய்ய வேண்டியதற்குப் பெரிய செலவில்லை. வேனில் 25 மீட்டர் நைலான் கயிறு ஒன்றும், மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேன் இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கேனைக் கயிற்றின் நுனியில் கட்டிவைத்தால் அதுவே உங்கள் மீட்பு வளையம். கேனுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால் காற்றில் தள்ளாடாமல் தூரம் போகும். ஆட்களை ஜோடி ஜோடியாகப் பிரியுங்கள். ஒருவர் வெளியே வந்தால் ஜோடியும் வர வேண்டும். பத்துப் பேருக்கு ஒருவர் தண்ணீரில் இறங்காமல், செல்போனைப் பார்க்காமல் கரையில் நிற்க வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளலாம். சினிமாவில் வருவதுபோல மூழ்குகிறவர் கையாட்டிக் கத்தமாட்டார். வாய் நீர்மட்டத்துக்கு ஏறி இறங்கும், சத்தமே வராது, ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் அவன் விளையாடுகிறான் என்றே நினைத்திருப்பார். குழந்தை என்றால் கை நீட்டினால் தொடும் தூரம், அவ்வளவுதான்.

யாராவது மாட்டினால் கேனை வீசுங்கள், கரையில் இருக்கும் உயிர்காப்புக் காவலரைக் கூப்பிடுங்கள். பின்னாலேயே குதிக்காதீர்கள். கை கோர்த்துச் சங்கிலி போடாதீர்கள், ஒரு கை நழுவினால் மூன்று பேர் போவார்கள். ஒரே தெருவில் மூன்று பந்தல் விழுவது இப்படித்தான்.

வெளியே எடுத்தபின் நடக்கும் கூத்து இன்னொரு கொடுமை. வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தொங்கவிடுவது, தோளில் போட்டுச் சுற்றுவது. வயிற்றுத் தண்ணீர் வெளியே வந்தால் பிழைத்துக்கொள்வார் என்று யார் சொன்னார்களோ! அமுக்கினால் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், 2 மூச்சு. 108 வரும்வரை நிறுத்தாதீர்கள். கடலில் ஆள் காணவில்லையென்றால் கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. இருமி எழுந்து உட்கார்ந்து "ஒண்ணும் இல்லடா" என்று சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் போனால் ஒரு வழிக்கு 150-160 கிலோமீட்டர், சுமார் நாலு மணி நேரம். வண்டிக்கு அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் புதுச்சேரிக்குத் தனியாக எடுக்க வேண்டும், அந்தக் காசு உங்கள் தலையில்தான் விழும். கட்டுச்சோறு என்றால் புளிசாதம். விடியற்காலை மூன்று மணிக்குத் தம் போட்டு மூடிய பிரியாணி மதியம் ஒரு மணிக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீர். மணலில் நிழல் குறைவு.

கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே கவுன்டரில் கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எல்லோரையும் தண்ணீரிலிருந்து எழுப்பிவிடுங்கள். 'கடைசியா ஒரு முங்கு' போடப் போகிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்தில்தான் போவார்கள். ஜோடி ஜோடியாக எண்ணிப் படகேற்றுங்கள். நீங்கள் மணலில் இருக்கும் நேரம் முழுக்க டிரைவர் அண்ணன் வேனைக் கழுவிக்கொண்டும் செல்போனில் பேசிக்கொண்டும் இருக்கக்கூடாது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவர், ராத்திரி பத்து மணி வரை ஓட்டப்போகிறவர். நிழலில் ஒரு பாய், சாப்பாட்டுப் பொட்டலம், மூன்று மணி நேரத் தூக்கம். பாயை மறக்காமல் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.