ஷாக் அப்சார்பர்: உறிஞ்சியா, தணிப்பானா?

சென்ற மாதம் எங்கள் பழைய ஆம்னி வேன், பிரேக் பிடித்தபோதெல்லாம் தரையை முகர்வதுபோல் மூக்கைத் தாழ்த்தியது. பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணன் முன்பக்கத்தின் ஒரு மூலையைக் கையால் அழுத்திவிட்டு விலகி நின்றார். ஒருமுறை எழுந்து அடங்கவேண்டிய வண்டி மூன்று முறை ஏறி இறங்கியது. குழாயின் மேல் எண்ணெய்க் கசிவு வேறு. "சாக்கப்சர் செத்துவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது, முன்பக்கம் இரண்டையும் மாற்றவேண்டும்" என்றார்.

சாக்கப்சர் என்பது, சக்கரத்தருகே நின்று வண்டியின் துள்ளலை அடக்கும் 'ஷாக் அப்சார்பர்' என்ற குழாயின் பெயரைப் பட்டறை நாக்கு தேய்த்து வழவழப்பாக்கிய சொல். அதில் எனக்குக் குறையில்லை. என் குறையெல்லாம் இதற்குத் தமிழ் என்று எழுதப்படும் சொற்களின் மேல்தான். அதிர்வு உறிஞ்சி, அதிர்ச்சி ஏற்பி, அதிர்வு தாங்கி எனப் பலவாறு எழுதுகிறார்கள். மூன்றும் ஆங்கிலப் பெயரை எழுத்தெண்ணிப் பெயர்த்தவை. அந்த ஆங்கிலப் பெயரே பொருந்தாப் பெயர் என்பதுதான் சிக்கல்.

'ஷாக்' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் போர்க்களத்தில் இரு படைகள் மோதும் மோதலைக் குறித்தது. மனத்துக்கும் உடலுக்கும் நேரும் அதிர்ச்சி என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. 'அப்சார்ப்' என்பதன் வேர் லத்தீனில் உறிஞ்சுதல். ஆக, மோதலை உறிஞ்சுவது. ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்த மோதலை வாங்கிக்கொள்வது இந்தக் கருவி அன்று. முதலில் டயர் கொஞ்சம் வாங்குகிறது. மீதியைச் சுருள்வில் வாங்குகிறது. எங்கள் வேனின் பின்சக்கரத்தில் அந்த வேலை, வில்லாக வளைத்த எஃகுப் பட்டைக்கு உரியது. (உடைந்த லாரிப் பட்டையை உலையில் இட்டு அரிவாள் அடிப்பார்களே, அதே பட்டைதான்.)

வில்லுக்கு ஒரு குணம் உண்டு: வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். அழுத்தினால் எழும்பும், எழும்பினால் மறுபடி அமுங்கும். வில் மட்டும் இருந்தால், ஒரு பள்ளத்துக்காக வண்டி பல முறை ஆடிக்கொண்டிருக்கும். ஆட்டத்தில் டயர் சாலையை விட்டு எழும்பும்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயனற்றுப்போகும். அந்த ஆட்டத்தை அடக்கவே இந்தக் குழாய். உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் நுண்ணிய துளைகள் கொண்ட பிஸ்டன். வண்டி ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்தத் துளைகளின் வழியே நெருக்கிப் புகவேண்டியிருக்கிறது. அந்த நெருக்கத்தில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிக் காற்றோடு போய்விடுகிறது. கரடுமுரடான சாலையில் நெடுநேரம் ஓட்டியபின் குழாயைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும் வேலை இங்கே எதுவும் இல்லை.

பிரிட்டனில் பொறியாளர்கள் இதை 'டாம்பர்' என்பார்கள். ஆவி, புகை என்ற பொருளில் பிறந்து, தீயை மூச்சடக்கி அணைப்பது என்ற பொருளுக்கு நகர்ந்த சொல் அது. ஜெர்மனில் நீராவியைக் குறிக்கும் 'டாம்ஃப்' அதன் உறவு. பியானோவில் நரம்பின் ஒலியை அடக்கும் உறுப்புக்கும் டாம்பர் என்றே பெயர். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த 'அமோர்திசர்' என்ற பெயரின் வேரில் இருப்பது சாவு: துள்ளலைச் சாகடிப்பது. மெக்கானிக் அண்ணன் சொன்ன 'செத்துவிட்டது' நினைவுக்கு வந்தது. துள்ளலைக் கொல்லவேண்டியது தானே செத்தால் துள்ளல் பிழைத்துக்கொள்கிறது.

ஆக, பிரிட்டனின் பெயரும் பிரான்சின் பெயரும் வேலையைப் பார்த்து வைத்தவை. நாமும் அப்படியே வைப்போம். 'தடுப்பான்' சரிவராது; ஆட்டத்தை முழுக்கத் தடுக்க ஓர் இரும்புத் தண்டே போதும், அதன்பின் அந்த வண்டியில் முதுகெலும்பு தாங்காது. 'ஒடுக்கி' பொருளில் நெருங்கி வந்தாலும், ஒடுக்குமுறையின் வாடை விட்டபாடில்லை. பள்ளி இயற்பியல் 'தடையுறு அலைவு' என்கிறது. அது நிகழ்வுக்குப் பெயர், கருவிக்கு அன்று. ஆனால் அதிலுள்ள 'அலைவு' நமக்கு வேண்டும். அதிர்ச்சி மருத்துவமனைக்கும் மின்சாரத்துக்கும் போய்விட்டது. அதிர்வு நுண்ணிய நடுக்கம். மேலும் கீழும் போய்வருவது அலைவு.

நான் எடுக்கும் சொல் தணிப்பான். சினம் தணிகிறது, தாகம் தணிகிறது, விலை தணிகிறது. முருகன் சினம் தணிந்த இடம் என்றுதான் திருத்தணிக்குப் பெயர்க்காரணம் சொல்கிறார்கள். ஏறிய ஒன்று, வெட்டுப்பட்டு நிற்காமல், படிப்படியாக இறங்கி அமைவதே தணிதல். அழுத்திவிட்ட வண்டி ஒருமுறை எழுந்து அமைவதைக் கண்ணால் பார்த்தவர்கள் வேறு வினைச்சொல்லைத் தேடமாட்டார்கள். நூலில் அலைவுத்தணிப்பான் என்று முழுமையாக எழுதலாம்; பேச்சுக்குத் தணிப்பான் போதும்.

ஒரு நுணுக்கம் மீதமிருக்கிறது. 1984இல் மாருதி வேன் என்று வந்து, பின்னர் ஆம்னி ஆகி, 2019இல் தயாரிப்பு நின்ற இந்த வண்டியின் முன்பக்கத்தில் இருப்பது வெறும் தணிப்பான் அன்று. எர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்கும் 'ஸ்ட்ரட்' அமைப்பு அது. சுருள்வில்லைச் சுமந்துகொண்டு, சக்கரத்தையும் நிமிர்த்திப் பிடிக்கும் தூணாக நிற்கிறது. அதனால்தான் மாற்றும்போது வில்லைக் கருவியால் இறுக்கிப் பிடித்துக் கழற்றவேண்டியிருக்கிறது. கை தவறினால் உயிருக்கே ஆபத்து. வேலை முடிந்தபின் வீல் அலைன்மென்டும் பார்க்கவேண்டும். கான்கிரீட் போடும்போது பலகைக்கு அடியில் கொடுக்கும் கம்புக்குக் கட்டடத் தொழிலாளர் வைத்திருக்கும் 'முட்டு' என்ற பெயர் இதற்கு அப்படியே பொருந்தும். பின்சக்கரத்தில் பட்டை தனி, தணிப்பான் தனி என்பதால் அங்கே இந்தச் சொல் தேவையில்லை.

வண்டியின் பராமரிப்பு நோட்டில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: முன் தணிப்புமுட்டு 2, புதியது. பின் தணிப்பான் 2, கசிவு இல்லை.