வளர்ப்புப் பாம்புக்கு உணவைவிட முதலில் தேவைப்படுவது சரியான சூடு

வளர்ப்புப் பாம்பை என்னிடம் எடுத்துவருபவர்களிடம், அதைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கூண்டின் வெப்பநிலை எவ்வளவு, அதை எந்த இடத்தில் அளந்தீர்கள்? பலர் அறையின் வெப்பநிலையைச் சொல்வார்கள். சிலர் கூண்டின் சுவரில் ஒட்டிய வெப்பமானி காட்டும் எண்ணைச் சொல்வார்கள். பாம்பு படுத்திருக்கும் தரையை அளந்தவர்கள் மிகக் குறைவு. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் என்ற முறையில் நான் காணும் நோய்களில் பெரும்பாலானவை கூண்டில் தொடங்கிப் பாம்பின் உடலில் வந்து முடிபவை.

பாம்பால் நம்மைப் போல உடலுக்குள்ளேயே போதிய சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாது. இரையைச் செரிப்பதற்கும் கிருமிகளை எதிர்ப்பதற்கும் வேண்டிய சூட்டை வெளியிலிருந்தே பெறும் அது, தேவைப்படும்போது சூடான பக்கம் போய்ப் படுத்து, போதுமானதும் குளிர்ந்த பக்கம் நகர்ந்துவிடும். ஆகவே கூண்டு முழுவதும் ஒரே சீரான சூடு இருப்பது நல்லதல்ல. வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பால் பைத்தான் (ball python) என்ற சிறு மலைப்பாம்புக்கு ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸும் மறுமுனையில் 25 முதல் 27 டிகிரியும் இருக்க வேண்டும். கார்ன் ஸ்னேக் (corn snake) என்ற நஞ்சற்ற பாம்புக்கு இதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். இரு முனைகளிலும் தனித்தனி மறைவிடம் கட்டாயம். குளிர்ந்த பக்கத்தில் மட்டும் மறைவிடம் இருந்தால், அச்சம் மிகுந்த பாம்பு சூட்டை இழந்தாலும் பரவாயில்லை என்று அங்கேயே முடங்கிக் கிடக்கும்.

ஒருமுறை என்னிடம் வந்த பால் பைத்தானை, சட்டை உரிக்கப்போகிறது என்று எண்ணி இரண்டு வாரம் அப்படியே விட்டிருந்தார்கள். மெல்லத் திருப்பிப் பார்த்தேன். தந்த நிறத்தில் வழவழப்பாக இருக்க வேண்டிய வயிற்றுச் செதில்கள் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பேறி, ஓரங்கள் தூக்கிக்கொண்டு, அடியில் நீர் கோத்திருந்தது. அது தீக்காயம். சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டின், அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பின் மேல் ஒற்றைத் தாளை விரித்திருந்தார்கள். சுட்டால் பாம்பு தானே விலகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். வயிற்றுக்கு அடியிலிருந்து ஏறும் சூட்டை விட்டுப் பல பாம்புகள் விலகுவதில்லை. பல முறை சட்டை உரித்த பிறகே அந்தக் காயம் ஆறியது, தழும்பு நிலைத்துவிட்டது. எந்தச் சூடேற்றும் கருவியாக இருந்தாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பொருத்தாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சூடு குறைந்தாலும் துன்பமே. விழுங்கிய எலி செரிக்காமல் வயிற்றில் அழுகி, நாலைந்து நாளில் வெளியே வந்துவிடும். இரை கொடுத்த 48 மணி நேரத்துக்குப் பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது என்பதற்கும் கக்கிவிடும் என்பதே காரணம். இரை, பாம்பின் உடலில் மிகப் பருத்த பகுதியின் அளவுக்கு மேல் போக வேண்டாம். உறைந்த எலியை முழுவதும் உருகவைத்து, இளஞ்சூடாக்கிக் கொடுங்கள். உயிருள்ள எலி, பசியில்லாத பாம்பைக் கடித்துக் குதறிவிடும். முதுகெலும்பு தெரியும் அளவுக்குக் கடிபட்ட பாம்புக்கும் தையல் போட்டிருக்கிறேன். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த பால் பைத்தான் சில மாதங்கள் இரையைத் தொடாமல் இருப்பதும் உண்டு. அப்போது பதற்றப்பட்டு வாயில் திணிக்காமல், வாரந்தோறும் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் மருத்துவரிடம் வாருங்கள்.

கண்கள் நீலம் பாய்ந்து மங்கினால் சட்டை உரிக்கும் காலம் நெருங்கிவிட்டது. அந்நாட்களில் ஈரப்பதம் குறைந்தால் சட்டை துண்டுதுண்டாக ஒட்டிக்கொள்ளும். உரித்த சட்டையின் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு கண்ணாடிச் சில்லுகள் போலக் கண்ணுறைகள் தெரிய வேண்டும். ஒன்று இல்லையென்றால் அது கண்ணிலேயே தங்கியிருக்கிறது. அதை நகத்தாலோ இடுக்கியாலோ எடுக்க முயன்று பாம்பின் பார்வையைப் போக்கிவிடாதீர்கள்.

தாமதிக்கவே கூடாத அறிகுறி மூச்சில் தெரியும். உதரவிதானம் இல்லாத பாம்பால் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. வாயைத் திறந்து மூச்சுவிடுவது, தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது, மூக்கில் குமிழி, மூச்சில் சீழ்க்கை ஒலி ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே புறப்படுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. நோயே தெரியாத பாம்பின் கழிவிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட பின் சோப்பால் கை கழுவுங்கள், அதன் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாம்பு வளர்ப்பதை ஒத்திப்போடுங்கள்.

மருத்துவரிடம் வரும்போது பாம்பைக் காற்றோட்டமுள்ள துணிப்பையில் முடிந்து பெட்டிக்குள் வைத்து, கடைசியாக உரித்த சட்டையையும், எடைக் குறிப்பையும், கூண்டின் இரு முனைகளையும் எடுத்த புகைப்படத்தையும் கொண்டு வாருங்கள். பல நேரங்களில் நோயின் காரணம் அந்தப் புகைப்படத்திலேயே எனக்குக் கிடைத்திருக்கிறது.