படுவான்கரைக்குச் சம்பளம் போன வழி

போர் வந்தால் அரசாங்கம் ஒரேயடியாக நின்றுவிடும் என்று நினைக்கிறோம். மட்டக்களப்பில் அப்படி நடக்கவில்லை. மேலடுக்குத்தான் விழுந்தது. 1988இல் தெரிவான வடக்கு கிழக்கு மாகாண சபை 1990இல் முடிவுக்கு வந்தது. கிழக்கு மாகாணத்துக்கு அடுத்த தேர்தல் 2008 மே மாதம்தான். இடையில் முதலமைச்சரே இல்லை, ஆளுநர் ஆட்சிதான். ஆனாலும் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இயங்கிக்கொண்டே இருந்தது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் பெரும்பகுதி பல ஆண்டுகள் புலிகளின் கையில் இருந்தது. காவல்துறை, நீதிமன்றம், வரி எல்லாம் அவர்களுடையவை. ஆனால் அங்கே படிப்பித்த ஆசிரியருக்குச் சம்பளம் கொழும்புத் திறைசேரியிலிருந்து வந்தது. கிராம சேவையாளரும் அரச ஊழியர்தான். பிள்ளைகள் எழுதியதும் இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்தின் சாதாரண தரப் பரீட்சையைத்தான்.

சரி, எதிரி ஆளும் ஊருக்கு அரசு ஏன் பணம் அனுப்ப வேண்டும்? நிறுத்தினால், அந்த நிலம் தன்னுடையது அல்ல என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். புலிகள் ஏன் விட்டார்கள்? ஆசிரியருக்கும் தாதிக்கும் சம்பளம் கொடுக்கிற செலவு அவர்கள் தலையில் விழவில்லை. அந்தப் பணம் புழங்கும் இடத்தில் வரியும் எடுக்கலாம். இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளாத உடன்பாடு இது.

அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் கீழ்மட்ட அலுவலர்கள். மாவட்டத்தின் தலைமை அலுவலரான அரசாங்க அதிபர், பிரதேச செயலாளர், கிராம சேவையாளர் என்று இறங்கும் வரிசையில் கடைசி ஆள்தான் ஊரில் இருப்பவர். நிவாரண அரிசிக்குக் குடும்பப் பட்டியல் வேண்டுமா, அடையாள அட்டைக்கு வதிவிட உறுதி வேண்டுமா, அவருடைய கையெழுத்தில்தான் தொடங்கும். மேலதிகாரிக்கும் பதில் சொல்ல வேண்டும், ஊரை ஆளும் இயக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்த மனிதர்களைப் பற்றி நாம் போதிய அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

சம்பளம் போன வழியில் எல்லாப் பொருளும் போகவில்லை. படுவான்கரைக்குப் போகும் வழியிலிருந்த வவுணதீவுச் சோதனைச் சாவடியில் சீமெந்துக்கும் மின்கலத்துக்கும் யூரியாவுக்கும் கெடுபிடி. யூரியாவிலிருந்து வெடிமருந்து செய்யலாம் என்பதுதான் காரணம். படுவான்கரையோ நெல் விளையும் பூமி. பசளை இல்லாமல் வயல் என்ன செய்யும்? ஆசிரியரை அனுப்பிய அதே அரசுதான் பசளையை மறித்தது. நிர்வாகம் ஒரு கணக்குப் பார்க்க, இராணுவம் வேறொரு கணக்குப் பார்த்தது.

2007 ஜூலையில் கிழக்கு முழுவதும் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தது. படுவான்கரையில் பிரதேச செயலகங்களைப் புதிதாக உருவாக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி என்று அவை ஏற்கனவே இருந்தன.