மாத்திரைச் சீட்டையும் எடுத்து வாருங்கள்

வளர்ப்புப் பெற்றோராக விண்ணப்பிப்பவர்களைப் பரிசோதித்து உடல்நல அறிக்கை எழுதுவது என் மருத்துவப் பணியில் ஒரு பகுதி. என் முன்னால் உட்காருபவர்களிடம் தேர்வெழுத வந்தவர்களின் பதற்றத்தைப் பார்க்கிறேன். "சர்க்கரை இருப்பதைச் சொன்னால் குழந்தையைத் தர மாட்டார்களோ" என்ற பயத்தில் பலர் பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

ஒரு பெண்மணிக்கு ரத்த அழுத்தம் 170/100 இருந்தது. மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மெல்லப் பேசியபோதுதான் உண்மை வந்தது: "மருந்து சாப்பிடாதவர்" என்று அறிக்கையில் இடம்பெற வேண்டுமென்று பத்து நாட்களாக மாத்திரையை நிறுத்தியிருந்தார். மனம் பதைத்தது. பக்கவாதத்துக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார். மாத்திரையைத் தொடர்ந்து எடுத்து, அழுத்தம் சீரானதும் அதையே எழுதிக் கொடுத்தேன். கட்டுக்குள் இருக்கும் நோயை அறிக்கையில் எழுத எனக்குத் தயக்கமே கிடையாது.

நோயே இல்லாத மனிதரை யாரும் தேடவில்லை. பெற்ற வீட்டைப் பிரிந்து வரும் குழந்தை ஓர் இழப்பைச் சுமந்தே வருகிறது. வந்து சேரும் வீடும் பாதியில் கைநழுவிப் போகக்கூடாது. குழந்தையைத் தூக்க, துரத்தி ஓட, இரவில் விழித்திருக்க இவரால் முடியுமா என்பதே என் கேள்வி. ஹெச்ஐவி இருப்பவர்கள்கூடத் தயங்க வேண்டாம். கட்டியணைப்பதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ அது பரவாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை மட்டும் மறைக்காதீர்கள். அது காசநோயா என்று பார்த்தாக வேண்டும்.

புகைபிடிப்பதில் நான் கண்டிப்பானவன். வீட்டிலுள்ள புகை குழந்தைக்கு ஆஸ்துமாவையும் காதுத் தொற்றையும் கூட்டும். கைக்குழந்தை தூக்கத்திலேயே திடீரென இறக்கும் ஆபத்தையும் கூட்டும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பவர்களிடம், போதாது என்றே சொல்கிறேன்.

மருந்துப் பெட்டி எங்கே இருக்கிறது என்றும் கேட்பேன். சர்க்கரைக்கான சில மாத்திரைகளில் ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் சிறு குழந்தையின் ரத்தச் சர்க்கரை உயிருக்கு ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடலாம்.

மிக அதிகமாக மறைக்கப்படுவது மனச்சோர்வுதான். சிகிச்சை எடுத்ததே தகுதிக் குறைவு என்று நினைக்கிறார்கள். கோபத்தோடும் தூக்கமின்மையோடும் வரும் குழந்தை நம் பழைய காயங்களையும் கிளறிவிடும். கருச்சிதைவின் துயரம் ஆறாத தம்பதியருக்கு இது இன்னும் கடினம். அதனால் மனச்சோர்வு இருந்ததா என்பதோடு நான் நிறுத்துவதில்லை. அது திரும்பி வந்தால் முதலில் எப்படித் தெரியும், அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்றும் கேட்கிறேன்.

ஒருவர் சொன்னார்: "காலையில் நடக்கப் போவதை நிறுத்திவிடுவேன், டாக்டர். மூன்று நாள் தொடர்ந்து போகவில்லையென்றால் என் மனைவி மருத்துவருக்கு போன் செய்துவிடுவாள்." அதை ஒரு சொல் மாற்றாமல் அறிக்கையில் எழுதினேன்.