‘ஏற்றம்’ எங்கே போயிற்று?

பாலக்கோட்டில் ஒரு மருந்துக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த தாள் இது: ‘நெல்லி, மஞ்சளில் உள்ள உயிர்வளி எதிர்ப்பிகள் வலி மாத்திரையிலிருந்து வயிற்றைக் காக்கும்.’ மூட்டுவலி மாத்திரை வாங்க வந்த அத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “மூச்சுக் காத்தையே எதுக்கறத எதுக்குடா திங்கணும்?” என்றார். இந்த மாதத்தில் இச்சொல்லை மூன்றாம் முறையாகப் பார்க்கிறேன்.

மூலச்சொல் ஆன்டிஆக்சிடன்ட். ஆன்டி என்றால் எதிர். ஆக்சிஜன், கிரேக்க வேர்களைக் கொண்டு பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே வைத்த பெயர். அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள்.

ஆக்சிஜனுக்கு ‘உயிர்வளி’ நல்ல தமிழ், அதில் எனக்குக் குறையில்லை. விழுங்கப்பட்டது ‘ஆக்சிஜனேற்றம்’ என்பதில் உள்ள ‘ஏற்றம்’. இங்கே எதிர்க்கப்படுவது காற்றல்ல, ஒரு வினை. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் கடலை எண்ணெய் காறிப்போவதும் அந்த வினையால்தான். காறிய எண்ணெயைச் சொன்னதும் அத்தைக்குப் பிடிபட்டது. வேதியியலில் எலக்ட்ரானை இழப்பதே ஆக்சிஜனேற்றம். அதற்கு ஆக்சிஜன் இருந்தாக வேண்டும் என்பதுகூட இல்லை. குளோரினோடு சேர்ந்து உப்பாகும்போது சோடியத்துக்கு நேர்வதும் அதுதான். பள்ளிப் பாடநூலிலேயே இருக்கும் சொல்லை மொழிபெயர்ப்பவர்கள் ஏன் பாதியாக வெட்டுகிறார்கள்?

‘எதிர்ப்பி’யும் வேண்டாம். கேட்டவுடன் நோய் எதிர்ப்புச் சக்திதான் நினைவுக்கு வருகிறது. ‘நோய் எதிர்ப்புப் பொருள்’ என்றே அச்சடித்தவர்களும் உண்டு. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்போம். தனித்தமிழ் விரும்புவோர் உயிர்வளியேற்றத் தடுப்பான் என்று எழுதட்டும். நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது.

வயிற்று விஷயத்தில் இந்தத் துல்லியம் இன்னும் முக்கியம். ஆஸ்பிரின் வகை மருந்துகள், புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடலே உண்டாக்கும் வேதிப்பொருள் உருவாவதைத் தடுக்கின்றன என்று 1971இல் மருந்தியலாளர் ஜான் வேன் காட்டினார். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் செய்வதும் அதுவே. புரோஸ்டாகிளாண்டின் குறைந்தால் வயிற்றின் உட்சுவரை மூடிக் காக்கும் சளிப்படலம் மெலிகிறது. ஆக்சிஜனேற்றச் சேதம் அதோடு சேரும் இன்னொரு கேடு. தாவரங்களில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் முக்கியமாகத் தொடுவது இந்தப் பக்கத்தை. இண்டோமெதசின் என்ற வலி மருந்து கொடுத்த எலிகளில் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் வயிற்றுப் புண்ணைக் குறைத்தது உண்மை. எலிக்கு ஆனது மனிதருக்கும் அப்படியே ஆகிவிடாது.

தாளின் கீழ்ப்பாதியில் ஆங்கில மூலமும் இருந்தது. அதில் ‘காக்கக்கூடும்’ என்றுதான் இருந்தது. ‘ஏற்ற’த்தை விழுங்கியவர் ‘கூடு’மையும் விழுங்கியிருக்கிறார்.

“அப்போ நெல்லிக்கா தின்னுட்டு வெறும் வயித்துல மாத்திரை போடலாமா?”

“வேணாம் அத்தை. டாக்டர் சொன்னபடி களி சாப்பிட்டப்புறம் போடுங்க. வயிறு எரிஞ்சா உடனே அவர்கிட்ட சொல்லுங்க.”