ஆறு கல் கூடினால் ஒரு தொகுதி

மதுரை எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட தோப்பூர், மதுரை மாவட்டத்து ஊர். ஆனால் அது மதுரை நாடாளுமன்றத் தொகுதியில் வராது; விருதுநகர் தொகுதியில் வரும். திருப்பரங்குன்றம் கோயில் வாசலில் கடை போட்டிருப்பவரும் விருதுநகர் எம்.பி.க்குத்தான் ஓட்டுப் போடுகிறார். பெரும்பாலோர் இதற்கு அரசியல் காரணம் சொல்வார்கள். எனக்கு இதில் முதலில் தெரிவது ஒரு வகுத்தல் கணக்கு.

விருதுநகர் தொகுதி 2008-ல் பிறந்தது. அதற்கு முன் இருந்தது சிவகாசி தொகுதி. 1971 கணக்கெடுப்பை வைத்துப் போட்ட எல்லைகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் கிடந்தன. அதற்குள் நகரங்கள் வீங்கிவிட்டன, ஓர் ஊர் ஓட்டின் எடை இன்னோர் ஊர் ஓட்டின் எடைக்கு ஈடாக இல்லை. இதைச் சரிசெய்யத்தான் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் 2002-ல் தொகுதி மறுவரையறை ஆணையம் அமைந்தது. எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை அது தொடக் கூடாது. உள்ளே கோடுகளை மட்டும் மாற்றலாம்.

கணக்கு இப்படிப் போகிறது. 2001-ல் தமிழ்நாட்டு மக்கள்தொகை 6.24 கோடி. அதை 234-ஆல் வகுத்தால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக 2.67 லட்சம் பேர். 39-ஆல் வகுத்தால் ஒரு மக்களவைத் தொகுதிக்கு 16 லட்சம் பேர். 39-ஐ ஆறால் பெருக்கினால் சரியாக 234. ஆக, ஆறு சட்டமன்றத் தொகுதிகளைச் சேர்த்தால் ஒரு மக்களவைத் தொகுதி. சட்டமன்றத் தொகுதியை உடைக்க முடியாத செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் மாவட்ட எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கற்களை அடுக்கும்போது மாவட்டத்தைத் தாண்டலாம். சராசரியிலிருந்து 10 சதவீதம் வரை கூடவோ குறையவோ இடமுண்டு. வேலை வடக்கே தொடங்கி வளைந்து வளைந்து தெற்கே முடியும். அதனால்தான் திருவள்ளூர் 1-ஆம் எண், கன்னியாகுமரி 39.

விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். அப்போது அங்கே 17.5 லட்சம் பேர். 2.67 லட்சத்தால் வகுத்தால் ஆறரைக்குச் சற்று மேல். ஏழு கல் கிடைத்தது. ஒன்று மிச்சம்! ஆனால் வெளியே போனது மூன்று: ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி தனித் தொகுதிக்கு, திருச்சுழி ராமநாதபுரத்துக்கு. மிஞ்சியவை சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை. நான்கு போதாது. பத்து கற்கள் வைத்திருந்த மதுரை மாவட்டத்திலிருந்து திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் வந்து சேர்ந்தன.

இப்படிப் பிறக்கும் தொகுதிக்குக் கடந்த காலம் கிடையாது. சிவகாசியின் பழைய வாக்குக் கணக்கை அப்படியே எடுத்து விருதுநகருக்குப் பொருத்த முடியாது. சட்டமன்ற எல்லைகளும் சேர்ந்தே மாறியிருந்தன. யாருக்கு எங்கே எவ்வளவு பலம் என்று பார்க்க வேண்டுமானால், ஒவ்வொரு வாக்குச்சாவடியின் எண்ணிக்கையையும் காட்டும் படிவம் 20-ஐ எடுத்துவைத்துப் பூத் பூத்தாகக் கூட்ட வேண்டும். 1998, 1999 தேர்தல்களில் சிவகாசியில் வென்ற வைகோ, 2009-ல் புதிய விருதுநகரில் நின்றார். காங்கிரசின் மாணிக்கம் தாகூரிடம் 15,764 வாக்குகளில் தோற்றார். மூன்றாவதாக வந்த தேமுதிக வேட்பாளர் க.பாண்டியராஜன் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கியிருந்தார். கோடு மாறியதால்தான் வைகோ தோற்றார் என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது அணி பிரித்த ஓட்டும் கூட்டணிக் கணக்கும் அதில் இருக்கின்றன. 2024-லும் அங்கே இழுபறிதான். தேமுதிகவின் விஜய பிரபாகரனைவிட மாணிக்கம் தாகூர் 4,379 வாக்குகளே கூடுதலாகப் பெற்றார்.

திருச்சுழி ஏன் ராமநாதபுரத்துக்குப் போனது? எனக்கு மிகவும் முக்கியமான இடம் இதுதான். ராமநாதபுரம் மாவட்டத்தில் நான்கே கற்கள். கிழக்கிலும் தெற்கிலும் கடல். இரவல் வாங்குவதென்றால் வடக்கிலும் மேற்கிலும்தான். மேற்கே திருச்சுழி கிடைத்தது, வடக்கே புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கி. பக்கத்துச் சிவகங்கையிலும் நான்குதான். அது திருமயத்தையும் ஆலங்குடியையும் எடுத்துக்கொண்டது. கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு. ஒரு மாவட்டம் நான்கு எம்.பி.க்களிடம் பிரிந்தது, புதுக்கோட்டை என்ற மக்களவைத் தொகுதியே இல்லாமல் போனது.

புதுக்கோட்டையின் ஆறு கற்களும் சேர்ந்தால் சரியாக ஒரு தொகுதி. மக்கள்தொகை 14.6 லட்சம், சராசரியைவிட 9 சதவீதம்போலக் குறைவு, அனுமதித்த வரம்புக்குள்தான். அதை முழுதாக விட்டிருந்தால் ராமநாதபுரமும் சிவகங்கையும் சேர்ந்து விருதுநகர், மதுரை பக்கம் நான்கு கற்களைத் தேடியிருக்க வேண்டும். அங்கிருந்து தேனி வரைக்கும் எல்லாக் கோடுகளும் நகர்ந்திருக்கும். கடினமான வேலைதான். ஆனாலும் 1948 வரை தனி சமஸ்தானமாக இருந்த ஒரு மண்ணை நான்காகப் பிரிப்பதற்கு முன் அந்த வேலையைச் செய்து பார்த்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

வரைவு வெளியானதும் மக்கள் ஆட்சேபம் சொல்லலாம். ஆணையத்தில் உடன் உட்காரும் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் கருத்துச் சொல்லலாம், அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. அரசிதழில் ஏறிவிட்டால் அந்த ஆணையை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்கிறது மறுவரையறைச் சட்டம். 2009 தேர்தல் நாளன்று புதுக்கோட்டையில் பலர் வாக்குச்சாவடிக்குப் போய், 49-ஓ விதிப்படி யாருக்கும் வாக்களிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வந்தார்கள்.